கடமையும் கழுவாயும்



அறம் செய்ய வேண்டும், பாவத்தை விலக்க வேண்டும் என்பதை அறியாதார் நம்மில் ஒருவரும் இலர். எனினும் அறிந்த வழியிலேயே நடக்கும் நல்லவர்க்கும் வாழ்வில் சில இடங்களில் கால் தடுமாறுகின்றது. தீயவர்க்கு இத்தடுமாற்றம் இல்லை. அறத்தில் பற்றுடையவர்க்கே இது வருகின்றது. ஆதலின் இதனை நன்கு ஆராய்ந்து தெளிதல் திருவிழாக் காலத்தில் நாம் செய்யத்தக்க வழிபாடுகளுள் ஒன்றாகும்.

அத்தடுமாற்றங்கள் மூன்று. நினையாமல் விளைந்த தீங்கிற்கு ஒருவன் குற்றவாளி ஆவானா என்பது முதலாவது. இரு கடமைகள் ஒன்றோடொன்று மோதுமிடத்து எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பது இரண்டாவது. ஒருமுறை தீங்கிழைத்தவன் அதனை நெஞ்சில் சுமந்துகொண்டு மீண்டும் நல்வாழ்வு வாழ்தல் கூடுமா என்பது மூன்றாவது. இம்மூன்றையும் மேல்நாட்டு மெய்யுணர்வாளரும் ஆராய்ந்துள்ளனர். நம் சேக்கிழார் பெருமானோ, 12ஆம் நூற்றாண்டிலேயே, இவற்றை வாதமாக வையாது வரலாறாக வைத்துக் காட்டினார். வாதத்தில் சொல் வெல்லும்; வரலாற்றிலோ நெஞ்சு உருகும். அதுவே வேறுபாடு.

ஆரூரில் ஒலித்த மணி

மனுநீதிச் சோழர் வரலாறு நீங்கள் பலமுறை கேட்டதே. பெரியபுராணத்தில் திருநகரச் சிறப்பு என்னும் பகுதியில் இது அமைந்துள்ளது. இங்கு அதனைக் கதைக்காக அன்றி, அதன் உள்ளிருக்கும் வினாக்களுக்காக மீண்டும் நினைவோம்.

சோழர்தம் ஒரே மைந்தன் பரிவாரம் சூழத் தேரேறித் திருவாரூர் வீதியில் வருகின்றான். யாரும் காணாதபடி ஓர் இளங்கன்று கூட்டத்தினூடே துள்ளி வந்து தேர்க்காலில் அகப்பட்டு உயிர் துறக்கின்றது. தாய்ப்பசு கதறி வீழ்கின்றது. அரசிளங்குமரன் அதனைக் கண்டு தேரினின்றும் இறங்கித் தளர்ந்து வீழ்ந்து அலறுகின்றான். தந்தை கேட்பதற்கு முன்பே இதற்குரிய கழுவாயை அந்தணர்பால் அறிந்து செய்துவிட வேண்டும் என்று போகின்றான். அதற்குள் பசு அரண்மனை வாயிலை அடைந்து கொம்பினால் ஆராய்ச்சி மணியை அசைக்கின்றது.

அரசர் வருந்துகின்றார். அமைச்சர்கள் ஆறுதல் கூறுகின்றனர். "இதற்கு அறநூல்கள் கழுவாய் விதித்துள்ளன, அதனைச் செய்விப்பதே நெறி" என்பது அவர்கள் கூற்று. அது பிழையான கூற்றன்று. அறிந்து செய்த தீங்கு வேறு, அறியாது நிகழ்ந்த தீங்கு வேறு என்று அறநூல்கள் பகுத்து, அவற்றிற்குரிய கழுவாயையும் வேறு வேறாகவே விதிக்கின்றன. குமரன் கன்றைக் கொல்ல நினைத்தானல்லன். கவனமின்றித் தேர் செலுத்தினான் என்றும் சேக்கிழார் கூறவில்லை. ஆயினும் அரசர் அமைச்சர் சொல்லை ஏற்கவில்லை. ஏன்?

அவர் கேட்ட வினா ஒன்றே ஒன்றுதான். நீங்கள் கூறும் கழுவாயை என் மகன் செய்துவிட்டால், கன்றை இழந்து அலறும் இப்பசுவின் துயர் அதனால் தீருமோ என்பதே அவ்வினா.

அன்பர்களே, இவ்வினாவைச் சற்று நின்று நோக்குங்கள். அமைச்சர்கள் குமரனைப் பற்றியே எண்ணினார்கள்; அவன்மேல் ஏறிய பாவம் எவ்வாறு நீங்கும் என்பதே அவர்கள் கவலை. அரசரோ பசுவைப் பற்றி எண்ணினார். கழுவாய் என்பது செய்தவனைத் தூய்மை செய்வதோடு நின்றுவிட்டால் அது பாதியே. இழந்தவர்தம் இழப்பை அது நோக்காதாயின், கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிக் கூட்டியவன் செயலைப் போன்றதாகும்.

அரசர் மற்றொன்றும் உரைத்தார். வேறொருவன் ஓருயிரைக் கொன்றால் அவனுக்குத் தண்டனை. என் மகன் கொன்றால் கழுவாயா? அவ்வாறு செய்தால் உலகம் என்னை எள்ளாதோ என்றார். உலகிற்கு ஒரு நீதி, தன் வீட்டிற்கு ஒரு நீதி என்பது கூடாது என்பது இதன் கருத்து. காவலன் ஆவான், தன்னாலும், தன் சுற்றத்தாராலும், பகைவராலும், கள்வராலும், விலங்கு முதலிய உயிர்களாலும் வரும் ஐவகை அச்சங்களினின்று மக்களைக் காத்தல் வேண்டும் என்று அவர் கூறும் இடமும் உன்னத்தக்கது. பகைவரும் கள்வரும் பின்னே நிற்க, 'தன்னால்' என்பதும் 'தன் சுற்றத்தாரால்' என்பதும் முன்னே நிற்கின்றன. பிறரால் வரும் தீங்கைத் தடுப்பதற்குமுன், நம்மால் வரும் தீங்கைத் தடுத்தல் வேண்டும் என்பது பெறப்படுகின்றது.

தேர்க்காலும் லாரிச் சக்கரமும்

"இது அரசர்க்கும் இளவரசர்க்கும் உரிய செய்தி, எங்கட்கு இதனால் ஆவதென்ன?" என்று யாரேனும் வினவலாம். நம் வட்டாரத்தில் இருந்துகொண்டு அவ்வாறு வினவுதல் பொருந்தாது. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலால் நாடெங்கும் பெயர்பெற்ற ஊர்கள். நம் இல்லங்களில் தந்தையோ மகனோ மருமகனோ ஸ்டியரிங் பிடித்து இரவு பகலாக நெடுவழி ஓடுபவராக இருப்பர். முறையான வேகத்தில், மது அருந்தாமல், விழிப்போடு வண்டி ஓட்டி வரும் ஒருவர் முன்னே, வீட்டு வாயிலினின்று ஒரு குழந்தை திடீரெனக் குறுக்கே ஓடிவந்துவிடுகின்றது. பிரேக் பிடித்தும் பயனில்லை. அன்று அவர் திருவாரூர்க் குமரன் நின்ற இடத்தில் நிற்கின்றார்.

இங்கிலாந்து நாட்டு மெய்யியல் அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் (1929–2003) என்பார் 1976இல் எழுதிய கட்டுரையொன்றில் இதே எடுத்துக்காட்டைத்தான் கையாண்டார். தன் தவறு ஏதுமின்றி ஒரு குழந்தைமேல் வண்டியை ஏற்றிவிட்ட லாரி ஓட்டுநரை அவர் எண்ணிப் பார்த்தார். அருகில் நின்று கண்டவர் எல்லாரும் வருந்துவர். ஆனால் ஓட்டுநர் படும் வருத்தம் அவர்கள் வருத்தத்தைப் போன்றதன்று; அதற்குத் தனி இயல்பு உண்டு. "உன்மேல் பிழையில்லை" என்று மற்றவர் ஆறுதல் கூறுவது தகுதியே. எனினும் அவ்வாறுதலை உடனே ஏற்றுக்கொண்டு கவலையின்றி எழுந்து செல்வானாயின், அவன்மேல் நமக்கு ஒரு ஐயம் பிறக்கும் என்றார் அவர்.

இதனை நம் புராணத்தோடு ஒட்டிப் பாருங்கள். ஆறுதல் கூறும் அமைச்சர்கள் இங்கும் உளர். அதனை ஏலாத நெஞ்சும் இங்கு உண்டு. குமரன், "என் பிழையன்று" என்று சொல்லித் தேரைச் செலுத்திக்கொண்டு போயிருந்தால் சட்டம் அவனை ஒன்றும் செய்திராது. ஆனால் நாம் அவனை நேசித்திரோம். அவன் தேரினின்று இறங்கினான். அந்த இறக்கமே அவனுடைய அறம்.

நம் சாத்திரம் இதனை எங்ஙனம் விளக்கும்? உயிர்களுக்கு நன்மை செய்தல் புண்ணியம், தீமை செய்தல் பாவம் என்பது சிவஞான சித்தியாரின் கொள்கை. வினை, மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றாலும் ஈட்டப்படுவது. மூன்றும் ஒருங்கே கூடிச் செய்த வினையின் வலிமை வேறு. உடம்பு மட்டும் கருவியாய் நிற்க, மனம் கலவாது நிகழ்ந்ததன் வலிமை வேறு. மனம் கலவாத செயல் கொலைப் பாவமாகிச் சூழும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் நிகழ்ந்ததற்குப் பின் மனம் என்ன செய்கின்றது என்பது புதுவினை. வண்டியை நிறுத்தாமல் ஓடினால், அது மனம் அறிந்தே செய்தது, அதற்கு மன்னிப்பில்லை. அறியாமல் நிகழ்ந்த ஒன்றை, அறிந்து செய்த பாவமாக மாற்றிக்கொள்வது அந்த ஓட்டமே.

நாட்டுச் சட்டமும் இவ்விடத்தில் அறத்தோடு ஒத்து நிற்கின்றது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், விபத்து நேர்ந்தால் அடிபட்டவரை அருகிலுள்ள மருத்துவரிடமோ மருத்துவமனையிலோ சேர்ப்பிக்கத் தக்க முயற்சிகளை ஓட்டுநர் செய்ய வேண்டும் என்றும், அருகில் காவலர் இல்லையெனில் அண்மையிலுள்ள காவல் நிலையத்தில் விரைவாக, எவ்வாறாயினும் 24 மணி நேரத்திற்குள், தெரிவிக்க வேண்டும் என்றும் விதிக்கின்றது. கூட்டத்தின் சினத்தால் உயிருக்கு ஊறு நேரும் நிலையில் மட்டும் சிறிது விலக்கு அளிக்கின்றது. அரசன் செய்யும் தண்டமும் ஈசன் அருள்வழிப்பட்டதே என்றும், அதற்கு உட்பட்டுத் திருந்தியவர் மறுமைத் துன்பம் எய்தார் என்றும் சித்தியார் கூறுவது ஈண்டு நினைக்கத்தக்கது. சட்டத்தின் முன் சென்று நிற்றலும் ஒரு கழுவாயே என்க.

அமைச்சன் நின்ற இடம்

இனி இரண்டாவது தடுமாற்றத்திற்கு வருவோம். அரசர் தம் அமைச்சருள் ஒருவனை அழைத்து, குமரனை வீதியில் கிடத்தி அவன்மேல் தேரைச் செலுத்துமாறு பணித்தார். அரசன் ஆணையை நிறைவேற்றுதல் அமைச்சனுக்குக் கடமை. குற்றம் நினையாத ஓர் இளைஞனைக் கொல்லாமை மனிதன் ஒவ்வொருவனுக்கும் கடமை. இரண்டிற்கும் இடையே அகப்பட்ட அவன் தன் உயிரையே நீத்தான். பின்னர் அரசர் தாமே தேரேறித் தம் ஒரே மகன்மேல் செலுத்தினார்.

ஜெர்மானிய மெய்யுணர்வாளர் இம்மானுவேல் காண்ட் (1724–1804), உண்மையான இரு கடமைகள் ஒன்றோடொன்று முரணுதல் இயலாது என்றார். கடமை போலத் தோன்றும் இரண்டு காரணங்கள் மோதலாம். வலிய காரணம் எதுவோ அதுவே கடமை. மற்றொன்று கடமை அன்று என்பது அவர் முடிபு. தருக்க முறையில் இது அழகிய முடிபு. ஆனால் தந்தையாய் நின்ற சோழர்க்கு இது எவ்வாறு பொருந்தும்? அரசனாய் நிற்கும் கடமை வென்றது. அதனால் தந்தையாய் இருக்கும் கடமை இல்லாமற் போய்விட்டதா? வென்ற கடமையைச் செய்த பின்னும் தோற்ற கடமை நெஞ்சினுள் கிடந்து அழுகின்றது. சேக்கிழார் அந்த அழுகையை மறைக்கவில்லை.

ஒரு தடை இங்கு எழுதல் இயல்பே. குற்றமற்ற மகனைக் கொன்றது மற்றொரு கொலையாகாதா? ஒரு கன்று போனதற்கு ஒரு மனித உயிரைப் போக்குதல் நீதியா? இத்தடையைப் பலர் எழுப்பக் கேட்டிருக்கின்றோம். இதற்கு விடை கூறுமுன் இரண்டு செய்திகளை மனங்கொள்ளுங்கள். ஒன்று: மனுநீதிச் சோழர் அறுபத்துமூவருள் ஒருவராக வைத்துப் போற்றப்படவில்லை, அவர் வரலாறு ஒரு நகரின் சிறப்பைக் கூறுமிடத்து வருகின்றது. ஆகவே இது நாம் பின்பற்றுதற்கு வகுத்த தண்டனை விதியன்று. நீதியின்பால் ஒருவர் கொண்ட அச்சம் எத்துணைப் பெரிது என்பதைக் காட்டும் அளவுகோல். மற்றொன்று: அரசர் ஆணையைச் செய்ய மாட்டாத அமைச்சனைச் சேக்கிழார் எங்கும் பழிக்கவில்லை. இறுதியில் விடைமேல் எழுந்தருளி வந்த வீதிவிடங்கப் பெருமான் கன்றை எழுப்பினார், குமரனை எழுப்பினார், அவ்வமைச்சனையும் எழுப்பினார். ஆணையை நிறைவேற்றிய அரசர்க்கும் அருள். நிறைவேற்ற மாட்டாத அமைச்சனுக்கும் அருள். கடமைகள் மோதுமிடத்து, நடுங்கும் நெஞ்சோடு எவ்வழி நின்றவனையும் இறைவன் கைவிடுவதில்லை என்பது இதனாற் பெறப்படும் பெரும்பொருள்.

அமைச்சன் உயிர் நீத்ததை யாரும் வழியாகக் கொள்ளற்க. அவன் நீத்த உயிரைப் பெருமான் திருப்பித் தந்தார் என்பதையே கொள்க. அவ்வுயிர் வாழ வேண்டும் என்பதே திருவுள்ளம்.

கருவூரில் நின்ற இரு கைகள்

நம் கொங்குநாட்டிலேயே நிகழ்ந்த மற்றொரு வரலாற்றைக் காண்போம். கருவூரில், மகாநவமியின் முன்னாளில், சிவகாமியாண்டார் என்னும் முதிய அடியவர் ஆனிலைப் பெருமானுக்குக் கொண்டு சென்ற பூக்கூடையைப் பட்டத்து யானை பறித்துச் சிந்தியது. முதியவர் வீழ்ந்து அலறினார். கேட்டு ஓடிவந்த எறிபத்த நாயனார் மழுவினால் யானையையும் அதனோடு சென்ற ஐவரையும் வீழ்த்தினார். செய்தி கேட்டுக் குதிரைமேல் விரைந்து வந்த புகழ்ச்சோழர் பகைவரை எதிர்பார்த்தார். சிவவேடம் தாங்கிய ஒருவரையே கண்டார்.

அப்போது அரசர் கூறியது எது? "என் யானையை ஏன் கொன்றீர்?" என்றாரல்லர். என் யானையால் நேர்ந்த பிழைக்கு இந்த யானையும் பாகரும் மட்டும் போதாது. என்னையும் கொல்லுதல் தகும் என்று தம் உடைவாளை நீட்டினார். எறிபத்தர் திகைத்தார். இத்தகையவர்க்குத் தீங்கு நினைத்தேனே என்று வருந்தி, அவ்வாளை வாங்கித் தம் கழுத்திலேயே பூட்டினார். அரசர் ஓடிச் சென்று வாளையும் கையையும் பிடித்தார். அப்போது வானில் திருவருள் மொழி எழுந்தது. யானையும் ஐவரும் எழுந்தனர். கூடையில் பூ நிறைந்தது.

உலகியலில் நாம் காண்பது யாது? வழக்கு ஒன்று வந்தால், குற்றம் உன்னுடையது, என்னுடையதன்று என்று இருவரும் வாதிடுவர். இங்கோ, குற்றம் என்னுடையது என்று இருவரும் வாதிடுகின்றனர். குற்றத்தைத் தன்பால் ஏற்கும் நெஞ்சு எங்கே இருக்கின்றதோ அங்கே பகை நிற்பதில்லை. அதனோடு மற்றொன்றும் காண்க. தன்னையே அழித்துக்கொள்ள எழுந்த கையை மற்றொரு கை பிடித்து நிறுத்தியது. பிடித்த கை யாருடையது? யானையை இழந்தவருடைய கை. குற்றவுணர்ச்சியால் ஒருவர் தம்மை அழித்துக்கொள்ளப் புகுமிடத்து, ஓடிச்சென்று கையைப் பிடிப்பது அருகில் நிற்பவர் கடன். அதிலும், இழப்புற்றவரே பிடிப்பாராயின் அதனினும் பெரிய அறம் இல்லை.

இப்புகழ்ச்சோழரே பின்னொருகால், திறை செலுத்தாத அதிகன்மேல் படை சென்று வென்று வந்தபோது, கொண்டுவந்த தலைகளுள் சடையுடைய தலை ஒன்றைக் கண்டு உள்ளம் உடைந்தார். அவர் போர்க்களம் சென்றாரல்லர். அடியவரைக் கொல்லுமாறு கூறினாரல்லர். எனினும், என் பெயரால் நிகழ்ந்தது என் செயலே என்று துணிந்தார். அரசை மைந்தன்பால் ஒப்புவிக்கச் செய்து, தாம் தீப் புகுந்தார். அவர் புகுந்த தீ, அன்பின் எல்லையில் நின்றார்க்கு உரியது, நமக்கு உரியதன்று. நமக்கு உரிய பாடம், "எனக்குத் தெரியாது, ஆட்கள் செய்துவிட்டார்கள்" என்று அவர் கூறாமையே. ஆட்களை வைத்து வேலை வாங்கும் முதலாளிகளும், அலுவலகத் தலைவர்களும், கோயில் அறங்காவலர்களும், இல்லத் தலைவர்களும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

நீரடியில் இருக்கும் நந்தி

இனி நாம் வாழும் இவ்வூரையே நோக்குவோம். மேட்டூர் அணை 1925இல் தொடங்கப்பெற்று 1934இல் நிறைவெய்தியது. அவ்வாண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லி அதனைத் திறந்து வைத்தார். 5,300 அடி நீளமுள்ள இவ்வணை, நீர்மட்டம் 120 அடியை எட்டும்போது 93.47 டி.எம்.சி. நீரைத் தாங்குகின்றது. குறுவைக்காக ஜூன் 12ஆம் நாள் இங்கே மதகைத் திறத்தல் மரபு. அந்நீர் காவிரியாய் ஓடித் தஞ்சை, நாகை, திருவாரூர் வயல்களில் பாய்கின்றது. மனுநீதிச் சோழர் தேர் ஊர்ந்த அதே ஆரூர் மண் இன்று நம் மேட்டூர் நீரால் விளைகின்றது.

இத்துணை நன்மைக்கு விலை கொடுத்தவர் யார்? அணையின் நீர் பரவும் இடத்தில் அன்று ஊர்கள் இருந்தன. வயலும் வீடும் கோயிலும் இருந்தன. மக்கள் அவற்றைவிட்டு வெளியேறினர். நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கத்தில் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தி நீருக்கு மேலே தலை காட்டுவதையும், கிறித்தவ ஆலயம் ஒன்றின் கோபுரம் தோன்றுவதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள்.

பிலிப்பா ஃபுட் என்னும் ஆங்கிலேய அம்மையார் 1967இல் ஒரு புதிர் விடுத்தார். கட்டுக்கடங்காத டிராம் வண்டி ஒன்று ஓடுகின்றது. முன்னே உள்ள பாதையில் ஐவர். பக்கப் பாதையில் ஒருவர். ஓட்டுபவர் எப்பக்கம் திருப்புதல் தகும்? பெரும்பாலோர், ஒருவர் இருக்கும் பக்கம் திருப்புக என்பர். உலகெங்கும் இப்புதிரைப் பற்றி எழுதியவை ஏராளம். ஆனால் எதனைத் தேர்வது என்பதோடு வினா முடிந்துவிடுவதில்லை. திருப்பிய பின், அந்த ஒருவருடைய வீட்டிற்கு நாம் யாது கடன்பட்டோம் என்பதையும் கேட்டல் வேண்டும். ஆரூர் அரசர் கேட்ட வினாவும் அதுவே.

அணை கட்டியது தவறு என்று யாம் கூறவில்லை. வெள்ளத்தாலும் வறட்சியாலும் மாறி மாறி வருந்திய கழனிகளுக்கு அது வாழ்வளித்தது. ஆனால் சரியான செயலும் கடனை விட்டுச் செல்லும். பலர் நலத்திற்காகச் சிலர் இழக்கும்போது, "பலர் வாழ்ந்தனர்; கணக்கு முடிந்தது" என்று எழுந்துவிடலாகாது. இழந்தவர் இழந்தவராகவே நிற்கின்றனர். அவர்களை நினைத்தல், அவர்தம் வழியினர்க்கு உரியதைச் செய்தல், நன்றி மறவாதிருத்தல் ஆகியவை பயன் பெற்றவர் அனைவர்க்கும் கடமை. நீர் வற்றும்போது தோன்றும் அந்நந்தி, ஆரூர்ப் பசு அசைத்த மணியை நமக்கு நினைவூட்டுகின்றது. ஆடிப் பதினெட்டில் காவிரியில் நீராடி வழிபடுவோர், நீரடியில் இருக்கும் அவ்வூர்களையும் ஒரு கணம் நினைந்து கைகூப்புதல் தகும்.

ஓர் இல்லத்திலும் இதுவே நிகழ்கின்றது. தம்பி படிப்பதற்காக அண்ணன் படிப்பை விட்டு ஆலைக்குச் செல்கின்றான். குடும்பம் உயர்கின்றது. செய்த ஏற்பாடு சரியானதே. ஆயினும் உயர்ந்த தம்பி, "அப்போது அதுதான் வழி" என்று கூறி அமைவானாயின், அண்ணன் கொடுத்த விலையை அவன் அறியவில்லை என்பதே பொருள்.

குற்றம் சுமந்த நெஞ்சு வாழுமா?

மூன்றாவது வினா எஞ்சியுள்ளது. மனிதனின் உயர்ந்த நிலை நல்வாழ்வு என்றார் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில். நற்பண்போடு கூடிய செயலே அதன் உயிர் என்று கூறியவர், பெருந்துயர்கள் அதனைக் குலைக்கவும் கூடும் என்று ஒப்புக்கொண்டார். அங்ஙனமாயின், தன் கையால் ஒரு தீங்கு நிகழ்ந்ததைக் கண்டவனுக்கு நல்வாழ்வு உண்டா?

நம் சித்தாந்தம் உண்டு என்கின்றது. ஆனால் அதற்குரிய வழி இரண்டு பிழைகளை விலக்கிச் செல்வது. முதற்பிழை, "எல்லாம் ஊழ், அவன் செயல், நான் என்ன செய்ய?" என்று கூறித் தப்புதல். பிராரத்தம் நம்பால் வந்து ஊட்டுவது உண்மையே. ஆனால் அதனை நுகரும்போது நாம் செய்வது ஆகாமியம் என்னும் புதுவினையாகின்றது. அதற்கு நாமே பொறுப்பு. தன் பிழைக்கு இறைவனைக் காரணம் காட்டுபவன் திருவருளை அறிந்தவனல்லன். அரனடிக்கு அன்பர் செய்யும் பாவமும் அறமாகும், அன்பிலார் செய்யும் புண்ணியமும் பாவமாகும் என்னும் கருத்தில், சண்டேசுவர நாயனார் செயலையும் தக்கன் வேள்வியையும் சித்தியார் ஒப்பிட்டுக் காட்டும் இடம் ஒன்று உண்டு. அதனை எடுத்துக்கொண்டு, "நான் பக்தன்; என்னைப் பாவம் பற்றாது" என்று கூறுவோர் சிலர். தன்முனைப்பு முற்றும் அற்ற நிலையைப் பற்றி அது பேசுகின்றது. "நான் பக்தன்" என்று தன்னையே சுட்டுபவன் அந்நிலைக்கு வெகு தொலைவில் உள்ளான்.

இரண்டாவது பிழை இதற்கு மறுதலை. "நான் பாவி, எனக்கு உய்வில்லை" என்று இரவும் பகலும் தன்னையே நொந்து, உண்ணாமல், உறங்காமல், பிறரோடு பேசாமல் மடங்கிக் கிடத்தல். இது பணிவு போலத் தோன்றும். கூர்ந்து நோக்கின், அங்கும் 'நான்' என்பதே நடுவில் அமர்ந்திருக்கின்றது. 'நான் நல்லவன்' என்பது ஆணவம் என்றால், 'நான் மீளாப் பாவி' என்பதும் ஆணவத்தின் மற்றொரு முகமே. இழந்தவர்தம் துயரை நோக்க வேண்டிய கண் தன் துயரையே நோக்கிக்கொண்டிருந்தால், அவர்களுக்கு அதனால் ஆவதென்ன?

இவ்விரண்டிற்கும் நடுவே செல்லும் நெறியைத் திருநாவுக்கரசு நாயனார் வாழ்ந்து காட்டினார். தம் இளமைக்காலம் சிவத்தொண்டின்றிக் கழிந்ததே என்னும் இரக்கம் அவரை விட்டு நீங்கவே இல்லை. ஆனால் அவ்விரக்கம் அவரைப் படுக்கையில் கிடத்தவில்லை. கையில் உழவாரப் படையைக் கொடுத்தது. கோயில்தோறும் சென்று புல்லைச் செதுக்கினார். வழியைத் தூய்மை செய்தார். முதுமையிலும் அப்பணியை விடவில்லை. குற்றவுணர்ச்சி தொண்டாக மாறியவுடன் அது சுமையாக இல்லாமல் வலிமையாகிவிட்டது. அவர் வாழ்வைக் காட்டிலும் நிறைந்த நல்வாழ்வு எது?

இருவினையொப்பு என்று நம் சாத்திரங்கள் கூறுவதையும் இங்கே தெளிந்துகொள்ளுதல் வேண்டும். நன்மையும் தீமையும் ஒன்றே என்று மரத்துப் போதல் அன்று அது. வினைப்பயனாய் வரும் இன்பத்தில் விருப்பும் துன்பத்தில் வெறுப்பும் இன்றி உயிர் சமனுற்று நிற்பது. அந்நிலையை நோக்கிச் செல்பவன் பிறர் துயருக்கு இரங்காதவனாதல் இல்லை. தன் இன்ப துன்பம் பெரிதாகத் தோன்றாதபோதுதான் பிறர் இன்ப துன்பம் கண்ணுக்குப் புலனாகும்.

செய்யத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றால், தீங்கு ஒன்று நம் கையால் நேர்ந்தபோது செய்யத்தக்கவை நான்கு என்பது போதரும்.

முதலாவது, தேரினின்று இறங்குதல். அஃதாவது, நிகழ்ந்ததை விட்டு ஓடாமை. இரண்டாவது, உண்மையை உரியவர்முன் மறையாது கூறுதல். மூன்றாவது, இழந்தவர்தம் துயரில் நம்மால் இயன்ற பங்கைத் தீர்த்தல். கன்றை எழுப்புதல் பெருமானுக்கே கூடும். ஆனால் குடும்பத் தலைவனை இழந்த வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல உதவுதல் நமக்குக் கூடும். நான்காவது, எஞ்சிய வாழ்நாளைத் தொண்டாக்குதல். திருக்கோயிலில் விளக்கிடுதல், அலகிடுதல், பதிகம் ஓதுதல், பசித்தார்க்கு உணவிடுதல் என எதுவாயினும் ஆகுக. இந்நான்கும் செய்தபின் நெஞ்சில் எஞ்சும் துயரைத் திருவைந்தெழுத்தை ஓதி இறைவன் திருவடியில் வைத்துவிட வேண்டும். முதல் மூன்றையும் செய்யாமல் நேரே திருவடியில் வைக்கப் புகுவது, பசுவை வாயிலில் நிறுத்திவிட்டுப் பின்கதவு வழியே கழுவாய் தேடிச் செல்வதை ஒக்கும்.

நம் அயலில் ஒருவர் இத்தகைய துயரில் அகப்பட்டிருப்பாராயின் அவரை ஏசாதீர்கள்; "ஒன்றுமில்லை, மறந்துவிடு" என்று எளிதாகவும் கூறிவிடாதீர்கள். புகழ்ச்சோழரைப் போல அருகே சென்று கையைப் பிடியுங்கள். இழந்தவர் வீட்டிற்குச் செல்ல அஞ்சி நிற்பாராயின், உடன் சென்று வாயிலில் நில்லுங்கள். அடியார் கூட்டம் என்பது இதற்கும் உரியதே.

ஆரூர்ப் பசுவின் துயர் தீர்த்த வீதிவிடங்கப் பெருமான், அறியாமல் பிழைத்தவர்க்கும் அப்பிழையால் வருந்துபவர்க்கும் ஒருங்கே அருள் புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.